சர்வாதிகாரி வீட்டுச் சுவரில் ஒரு துண்டுப் பட்டு

என் மகள் டாக்டர் படிப்பை விட்டுவிட்டாள் என்பதை ஆரணியில் எங்கள் தெருவில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டுக்குப் போய் இரண்டு வருடம் படித்தாள். பிறகு ஒரு நாள் போன் பண்ணி, வேறு படிப்புக்கு மாறிக்கொண்டதாகச் சொன்னாள். பழைய வீடுகளையும் அவற்றிலுள்ள சாமான்களையும் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு படிப்பாம். "நம்ம வூட்டு பீரோவ நானுந்தான் இருவது வருஷமா பாத்துக்கினு கீறேன், எனக்கு எந்தக் காலேஜுல சர்டிபிகேட் குடுத்தாங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பேச்சு சாப்பிட்டியா, குளிருதா என்பதோடு நின்றுபோனது.

தெருவில் யாராவது கேட்டால், "படிச்சிக்கினு கீறா" என்பேன். அது பொய்யில்லை. என்ன படிக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டருக்குப் போனவள் வேறு என்ன படிப்பாள்?

அந்தப் புதுப் படிப்பும் போன மாதம் முடிந்தது. வேலை கிடைத்தால்தான் அங்கே தங்க முடியும். இல்லாவிட்டால் விசா முடிகிற அன்றைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் வேலை கேட்டுப் போய் நின்ற இடம் ஒரு சர்வாதிகாரியின் வீடு. அந்த நாட்டையே பல வருடம் ஆட்டிப்படைத்த ஆள். ஜனங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் திரண்டு வந்து இறக்கிவிட்டார்கள். ஆள் செத்தும் போய்விட்டார். அவரும் அவர் மனைவியும் வாழ்ந்த வீட்டை இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அதைச் சுற்றிக் காட்டுகிற வேலைக்குத்தான் என் மகள் மனு போட்டிருந்தாள்.

அவளுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்று, படவேட்டுக்குப் போய், ரேணுகாம்பாள் முன்னால் கைகூப்பி, "அவள எங்கிட்ட அனுப்பிடு தாயே" என்று கேட்டுவிட்டு வந்தேன். ஒரே பிள்ளை. ஐந்து வருடமாக ஒரு தீபாவளிக்குக்கூட வரவில்லை. கேட்காமல் இருப்பேனா?

அந்த வீட்டுக்குப் பொறுப்பாக ஒரு வயதான அம்மாள் இருக்கிறார். சிரிக்காத முகம். மகள் அவரை மேடம் என்பாள், நானும் அப்படியே சொல்கிறேன். அந்த மேடம் வைத்த பரீட்சை விசித்திரமானது. வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்கு வீடியோவில் போன் போட்டு, சொந்த மொழியிலேயே முழு வீட்டையும் காட்ட வேண்டும். மேடம் கூடவே நடந்து வருவார். மொழி அவருக்குப் புரியாது. ஆனால் கேட்கிறவர் உண்மையிலேயே கேட்கிறாரா, சும்மா ம் கொட்டுகிறாரா என்பது புரிந்துவிடுமாம். கேட்கிறவர் நடுவில் போனை வைத்துவிட்டால் வேலை கிடையாது.

ஒன்றும் தெரியாதவர் என்றதும் என் மகளுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது!

ஆக, நான் சாமியிடம் கேட்டது என் விரல் நுனிக்கே வந்துவிட்டது. போனில் இருக்கிற சிவப்பு வட்டத்தை ஒரு தட்டு தட்டினால் போதும், பெண் வீடு வந்து சேர்ந்துவிடுவாள். நான் அப்படியெல்லாம் செய்யக்கூடியவள் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, ஏன் செய்யக் கூடாது என்றும் நினைத்தேன்.

அந்த வீட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்து மறுபடி தறியில் உட்கார்ந்திருந்த நேரம், அங்கே காலை. போனைத் தறியின் முன்கட்டையில் சாய்த்து வைத்தேன். பக்கத்துத் தறியில் என் வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். மகளின் குரல் கேட்டதும் எதிர்வீட்டுக்காரி, கழுவின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். அவளை எப்படிப் போகச் சொல்வது?

"அம்மா, நான் தெரியறனா? மொதல்ல கால்ல இத்த மாட்டிக்கணும்மா" என்று மகள் தன் ஷூவுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டினாள்.

"ஆபரேஷன் தியேட்டராக்கா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நான் நூலைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். மகள் கதவைத் திறந்தாள். கூரையிலிருந்து கண்ணாடிச் சரவிளக்கு தொங்கியது. எங்கள் கல்யாண மண்டபத்தில் இருப்பதைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு இருக்கும். கீழே பளிங்கு. இரண்டு பக்கமும் மாடிப்படி.

"ஆஸ்பத்திரி ஜோரா கீதுக்கா" என்றாள் அவள்.

மகள் நடந்தாள், பேசினாள், பின்னால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசைக்குப் பதினெட்டு நாற்காலி, அதில் கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றே ஒன்று. சர்வாதிகாரி எழுந்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டுமாம், தட்டில் சோறு இருந்தாலும். இரண்டே பேர் உட்கார்ந்து படம் பார்க்க ஒரு சினிமா கொட்டகை. நாய்களுக்கு ஒரு அறை, அதற்கு வெந்நீர்க் குழாய். குளியலறையில் மீன் வாயிலிருந்து தண்ணீர் வருகிற தங்க முலாம் பூசிய குழாய்கள்.

"அத்தத் தேய்க்கறது யாருடி?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

மகள் நின்றாள். "அது யாருக்கும் தெரியலமா. வந்தவங்க, போனவங்க, வெருந்தாளிங்க பேரெல்லாம் எழுதி வச்சிக்கிறாங்க. வேல செஞ்சவங்க பேரு ஒண்ணுகூட இல்ல" என்றாள். அவளுடைய பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஒப்பித்துக்கொண்டு போகவில்லை, நான் கேட்டதற்கு நின்று பதில் சொன்னாள். அவள் மேல் இருந்த கோபத்திலும் அது எனக்குத் தெரிந்தது.

அடுத்து படுக்கையறை. நாலு பேர் படுக்கக்கூடிய கட்டில்.

"ஒரே ஒரு பெட்டுதானா? பேஷண்டுங்க எங்க?" என்று எதிர்வீட்டுக்காரி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், ஊடு நூலை ஓட்டுகிற நாடாவைத் தள்ளியபடியே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "அது ஆஸ்பத்திரி இல்லம்மா. அவ டாக்டருக்குப் படிக்கல. வுட்டு மூணு வருஷம் ஆவுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்ததை அவர் மேல் எறிந்திருப்பேன். கையில் பட்டு நூல் இருந்ததால் தப்பித்தார்.

"அப்ப இது யாரு வூடு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஒரு சர்வாதிகாரி வூடு" என்றார் அவர்.

"அந்தாளு எங்க?"

"செத்துட்டான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஐயே, இதுக்கா இவ்ளோ நாளு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? எங்க தம்பி புள்ள இன்ஜினியருக்குப் படிச்சிட்டு வூடு வூடா பிரியாணி குடுத்துக்கினு கீறான். தள்ளிக் குந்து, எனக்கு ஒண்ணியும் தெரியல" என்று சொல்லி, தறிப் பலகையில் என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்று வருடம் பயந்து பயந்து மூடி வைத்தது அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் போனில் மகளின் முகம் மாறியிருந்தது. "நீ யார்கிட்டயுமே சொல்லலியாமா?" என்றாள். "அவ்ளோ அசிங்கமா போச்சா உனக்கு?"

பின்னால் மேடத்தின் நடை நின்றது. எனக்கு அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன. அவமானம் வந்தால் நான் எப்போதும் கோபப்படுகிற ஆள்தான். என் கை சிவப்பு வட்டத்தின் பக்கம் போனது. அதை அவளும் பார்த்துவிட்டாள்.

"வச்சிடாதமா" என்றாள், மிக மெதுவாக. "அடுத்த ரூமு உனக்குக் காட்டணும்னுதான் உன்னையே கூப்ட்டேன்."

கையை எடுத்துக்கொண்டேன். அடுத்த அறையைப் பார்த்துவிட்டு வைத்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அறையில் சுவருக்கு வர்ணம் இல்லை. நாலு பக்கமும், கீழிருந்து மேல் வரை, பட்டு. வெங்காயத் தோல் நிறம். ஜரிகை கிடையாது, துணியின் நிறத்திலேயே கொடியும் பூவும் நெய்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான துண்டுகளாக வெட்டி, மரச் சட்டத்தில் இழுத்து அடித்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"இதெல்லாம் கையால நெய்ஞ்சதுமா" என்றாள் மகள். "அந்தாளு சம்சாரம் நிறத்தப் பொறுக்கி, வேற தேசத்துல சொல்லி நெய்ய வச்சாங்க. அந்த வருஷம் இந்த ஊருல ரொட்டிக்கு விடியறதுக்கு முன்னாடியே வரிசையில நிப்பாங்களாம். வூட்டுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கினு, மெழுகுவத்தியில பசங்க படிப்பாங்களாம். மேடம் அப்படித்தான் படிச்சாங்க."

அதைக் கேட்டதும் மேடத்தின் சிரிக்காத முகத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஆனால் என் கண் துணியை விட்டு நகரவில்லை. போனை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அங்கே. ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு துண்டு மட்டும் வேறாக இருந்தது. மற்றதிலெல்லாம் பூ பளபளவென்று இருக்கிறது, பூவைச் சுற்றியுள்ள துணித் தரை மங்கல். அதில் தரை பளபள, பூ மங்கல். மற்றதில் கொடி வலப்பக்கம் சாய்கிறது. அதில் இடப்பக்கம்.

"ஐயோ, முட்டாப் பசங்க!" என்று கத்தினேன். "ரூமு மொத்தத்தையும் திருப்பி அடிச்சி வச்சிக்கிறானுங்கடி! அந்த ஜன்னல் பக்கம் கீறது ஒண்ணுதான் சரியா கீது! மீதி அத்தினியும் பின்பக்கம்!"

மேடம் என்னவோ கேட்டார். என் குரல் உயர்ந்ததும், நான் திட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். மகள் தடுமாறினாள். "அம்மா, இது பெரிய பெரிய ஆளுங்க வந்து பாத்து, பரிசோதன பண்ணி..."

"எவன் பாத்தா எனக்கென்னா? முப்பது வருஷமா நான் தறியில குந்திக்கினு கீறேன். எங்கிட்டயே சொல்றியா? அந்தம்மாகிட்ட சொல்லு, மொத்தமும் தப்புன்னு சொல்லு!"

அவள் சொல்லிவிட்டாள். அவளை அப்படிச் சொல்ல வைத்தேன். மேடத்தின் முகம் இறுகிப்போனதை நானே பார்த்தேன். ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒரு பொம்பளை, தான் காத்துவந்த வீட்டைப் பார்த்து எல்லாமே தப்பு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அப்போதுதான் பக்கத்துத் தறியின் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் கால் வைக்கிற தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தார். போனைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கி, அந்தச் சுவரை நிதானமாகப் பார்த்தார். எதையும் நிதானமாகப் பார்த்தே என்னை எரிச்சலாக்குகிற மனிதர். பிறகு தறிப் பக்கத்தில் கிடந்த சின்னக் கண்ணாடியை எடுத்து, நான் நெய்துகொண்டிருந்த சேலைக்கு அடியில் பிடித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தறியில் பூ வேலை உள்ள சேலையின் நல்ல முகம் கீழே பார்த்து இருக்கும். நாங்கள் நாள் பூராவும் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். பூ சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்போம்.

"இத்தப் பாரு" என்று கண்ணாடியைக் காட்டினார். "இப்ப மேல பாரு. எது உனக்குப் பழகின மொகம்?"

பார்த்தேன். கண்ணாடியில் பூ பளபள, மேலே பூ மங்கல். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. முப்பது வருடம் பின்பக்கத்தையே பார்த்துப் பார்த்து, என் கண்ணுக்கு அதுவே நல்ல பக்கமாகத் தெரிந்திருக்கிறது. அந்த அறையில் நான் தப்பு என்ற எல்லாத் துண்டும் சரியாகத்தான் இருந்தன. என் மகளின் பரீட்சையில் நான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். படவேட்டுத் தாய் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள் என்று தோன்றியது. எனக்குக் கொஞ்சம்கூட சந்தோஷமாக இல்லை. "கண்ணு, நான்தான் தப்பா சொல்லிட்டேன், அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளு, அவங்க சுவரு நல்லாத்தான் கீது" என்று கெஞ்சினேன்.

"இரு" என்றார் என் வீட்டுக்காரர். "எல்லாம் சரி. அந்த ஒண்ணு மட்டும் ஏன் திரும்பிக்கிது?"

மகள் போனை அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு மேடத்திடம் மெதுவாக, வார்த்தை வார்த்தையாக, எதையோ சொன்னாள். இந்தத் தடவை நான் சொல்லிக் கொடுத்ததை அல்ல, அவளே கண்டதை. கொடி சாய்கிற திசையை விரலால் காட்டினாள். மேடம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். நாலைந்து துண்டுகளை நடந்து நடந்து பார்த்தார். அப்புறம் வெளியே போய் ஒரு ஏணியோடு வந்தார்.

ஏணியில் ஏறினது என் மகள். போன் இப்போது மேடத்தின் கையில் இருந்தது, அதனால் எங்களுக்கு அவளுடைய முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. "அம்மா, மத்த துண்டெல்லாம் பித்தள ஆணிமா" என்று மேலிருந்து கத்தினாள். "இதுல குண்டூசி குத்திக்கிது! வூட்ல துணிக்குக் குத்துற குண்டூசி!" மேடம் தலையாட்டினார். அவள் நாலு குண்டூசியை எடுத்து, மூலையை மெல்ல மடித்துத் திருப்பினாள்.

உள்பக்கம், அதாவது நல்ல முகத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. டீயோ காபியோ கொட்டின கறை. எத்தனையோ வருடத்துக் கறை.

மகள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே எங்களிடம் தமிழில் சொன்னாள். "யாரோ வேல செஞ்சவங்கமா. கொட்டிட்டாங்க. அந்தாளு சம்சாரம் கண்ணுல பட்டிருந்தா வேல மட்டுமா போயிருக்கும்? ஆளே காணாமப் போயிருப்பாங்க. அதான் ஜல்தியா கழட்டி, திருப்பிப் போட்டு, கைக்குக் கெடச்ச ஊசியக் குத்திட்டாங்க. அந்தாளு தெனம் எதுக்க கீற சோபாவுல குந்தி இந்தச் சுவத்தத்தான் பாத்திருக்காரு. கடைசி வரைக்கும் தெரியல!"

எதிர்வீட்டுக்காரி கை தட்டினாள். "நல்லா வேணும் அவனுக்கு!"

"ஒரு ஆளால ஆவாது அது" என்றார் என் வீட்டுக்காரர். "அவ்ளோ நீளத் துணி. இன்னொருத்தர் அந்தப் பக்கம் புடிச்சிருக்கணும்."

மகள் அதை மேடத்துக்குச் சொன்னாள். இரண்டு பேர். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தால் பரிசு கிடைத்திருக்கக்கூடிய வீட்டில், இரண்டு பேர் சேர்ந்து அந்தத் துணியைப் பிடித்திருக்கிறார்கள், இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பேர்கூட எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அந்த இரண்டு பேரையும் நினைத்து மனசு நிறைந்துபோனது. மேடத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பிறகு அவர் நிறைய நேரம் பேசினார். மகள் ஏணியில் உட்கார்ந்தபடியே கேட்டாள், ஒரு கையால் அந்தப் பட்டின் மூலையைப் பிடித்துக்கொண்டே. இரண்டு விரல் நுனியால், நகம் படாமல் பிடித்திருந்தாள். எங்கள் வீட்டில் இருந்த வரைக்கும் தறிப் பக்கமே வராதவள், தறிக்காக நீட்டிவைத்த பாவு நூலைத் தாண்டிக் குதித்து ஓடி என்னிடம் அடி வாங்கினவள். இந்தப் பிடியை எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கேதான் கற்றிருக்கிறாள், அவளாகவே போய்.

"இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"இருவது வருஷமா இந்த ரூமுல நடக்கறாங்களாம், கண்ணுல படலயாம். சனிக்கிழமையிலேந்து வரச் சொல்றாங்க. இந்தத் துண்ட மட்டும் இப்படியே வுட்ரலாம்னு சொல்றாங்க, திருப்ப வேணாமாம். வர்றவங்ககிட்ட இதுக்குக் கத நான்தான் சொல்லணுமாம்." மூச்சு விட்டாள். "ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து போடணும்மா."

எதிர்வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன்.

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றாள் மகள். "நீ படவேட்டுக்குப் போனத அப்பா எங்கிட்டச் சொல்லிட்டாரு."

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே தன் தறிக்குப் போய்விட்டிருந்தார். நாடா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மனிதரிடம் ஒரு ரகசியம் நிற்காது.

வா என்று சொன்னால் வந்துவிடுவாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் வந்தால் இந்த வீடு எப்படி இருக்கும் என்றும் தெரிந்தது: எனக்குக் கண் நிறைந்து இருக்கும், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அதே நேரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், என் பெண்ணை நினைத்து அப்படி ஒரு பெருமையும் பொங்கியது.

"சனிக்கிழம இன்னாடி போட்டுக்கினு போவ?" என்று கேட்டேன்.

ஒரு கையில் ஏணி, ஒரு கையில் பட்டு. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"கோட்டுதான்மா" என்றாள். "அவங்களே குடுப்பாங்க."

"உள்ள ரெண்டு ஸ்வெட்டரு போட்டுக்க" என்றேன். "ஒரு வருஷம் அந்தக் குளிர்ல நிக்கணுமே."